குளத்து மீன் செத்தது பாதரசத்தாலா?

கேள்வி: சுசீந்திரம் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தேன். போன ஐப்பசியில் இரண்டு நாள் வானம் மூடியே கிடந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் பெரிய மீன்களாகச் செத்து மிதக்கின்றன. குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. தெர்மாமீட்டர் தொழிற்சாலையால் கொடைக்கானலில் ஆன மாதிரி இங்கேயும் தண்ணீரில் பாதரசம் கலந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? இன்னொன்று, மகள் ஐந்து மாதக் கர்ப்பம். கடல் மீனாவது பயமில்லாமல் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் மீன்களைக் கொன்றது பாதரசம் இல்லை. நீங்கள் எழுதிய விவரத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது: மூடலான வானம், விடியற்காலை, பெரிய மீன் செத்துச் சின்ன மீன் பிழைத்தது. மூச்சு முட்டிச் செத்த மீனின் அடையாளம் இது. பூச்சிமருந்து கலந்திருந்தால் பொழுது பார்க்காது. பெரும்பாலும் குஞ்சுகள்தான் முதலில் போகும். பாதரசம் ஏறிய மீனோ துள்ளிக்கொண்டு திரியும், பார்க்க வாட்டசாட்டமாகவும் இருக்கும். அதுதான் அதில் உள்ள சங்கடம்.

நடந்தது இதுதான். வயலில் போட்ட உரமும் வீட்டுச் சாக்கடையும் ஓடை வழியாகக் குளத்துக்கு வருகின்றன. அவற்றிலுள்ள தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பாசிக்கு விருந்து. 1 கிலோ பாஸ்பரஸ் சில நூறு கிலோ ஈரப்பாசியை வளர்த்துவிடும். பாசி பகலில் பிராணவாயு தரும், இரவில் அதுவே வாங்கிக்கொள்ளும். அதனால் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். இரண்டு நாள் வெயில் இல்லாமல், காற்றும் அசையாமல் இருந்தால் பகல் வரவு குறைந்துவிடும், இரவுச் செலவு மட்டும் அப்படியே நிற்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டை இனங்கள் திணறும். 1-ஐ நெருங்கினால் மிதக்கும்.

இதை முன்கூட்டியே சொல்ல முடியும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல் நடவு, புரட்டாசியில் முடிகிறது. அதிலிருந்து மூன்று வாரத்தில் முதல் மேலுரம் போடுவார்கள், சரியாக ஐப்பசி மழை இறங்கும் சமயத்தில். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். நெல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. உரம் போட்ட இரண்டு மூன்று நாளில் கனமழை பெய்து வரப்பு வழிந்தால், உங்கள் மேல்மடைக்காரர் காசு கொடுத்து வாங்கிய உரம் உங்கள் குளத்துக்கு வந்து சேரும். முதல் போகமான கன்னிப்பூவிலும் இதே கதைதான், தென்மேற்குப் பருவமழையோடு. இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் நம் கன்னியாகுமரி, ஆபத்தும் ஆண்டுக்கு இரண்டு தடவை.

ஆகவே மேலே உள்ள வயல்களில் உரம் போட்ட தேதி, கனமழை பெய்த தேதி, தண்ணீரின் நிறம், இந்த மூன்றையும் குறித்து வாருங்கள். மழைக்குப் பிறகு ஒரு வாரம் பத்து நாள் நல்ல வெயில் அடித்துத் தண்ணீர் கரும்பச்சையாக மாறினால் பாதி வழி வந்தாயிற்று. அடுத்து வானிலை அறிக்கையில் காற்றில்லாத மூடல் என்று கண்டால் அன்றைக்கே சுதாரித்துக்கொள்ள வேண்டும்.

பச்சை எவ்வளவு என்று பார்க்க உங்கள் கையே அளவுகோல். கையை நேராகத் தண்ணீரில் விடுங்கள். முழங்கை முங்கும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. மணிக்கட்டைக் கொஞ்சம் தாண்டியதுமே உள்ளங்கை மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. அன்றைக்கே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். மோட்டார் போட்டு, குளத்துத் தண்ணீரையே மேலே பீய்ச்சி விழும்படி விடுங்கள், முக்கியமாக நள்ளிரவிலிருந்து விடியும் வரை. பகலில் அதே மோட்டாரை ஓட்டிப் பயனில்லை. மீன் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்த பிறகு தொடங்கினால் பாதிதான் மிஞ்சும். பாசியைக் கொல்ல மருந்தடிக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மொத்தப் பாசியும் ஒரே நாளில் அழுகினால் இருக்கிற பிராணவாயுவும் போய்விடும். ஆகாயத்தாமரைக்கும் இதே எச்சரிக்கை: மருந்தடிக்காமல் வாரிக் கரையேற்ற வேண்டும், அதுவும் கரையில் குவித்து வைத்து மழையில் திரும்பக் குளத்துக்கே போகாதபடி.

பெரிய குளங்களுக்குச் செயற்கைக்கோளும் உதவும். ஐரோப்பாவின் சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேலே போகிறது, 10 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கிறது, படங்கள் இலவசம். தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்கள் (2022 முதல் இவை ராம்சர் என்ற உலக ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை) அதில் எப்போது பச்சையாகின்றன என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். மழைக்கால மேகம் அதைக் கெடுத்துவிடும் என்பதுதான் குறை. நமக்குத் தேவைப்படும் நாளில்தான் படம் வெள்ளையாக இருக்கும். கடலில் பாசி பெருகுவதை ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் கவனித்துச் சொல்கிறது.

சரி, பாதரசத்துக்கு வருவோம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. அந்த மலைத்தண்ணீர் நம் குளங்களுக்கு வருவதில்லை. நம் மாவட்டத்தில் கரி எரிக்கும் அனல் மின் நிலையமும் கிடையாது, ஆரல்வாய்மொழியில் சுற்றுவது காற்றாலை. ஆனால் இவ்வளவோடு நிம்மதி அடைந்துவிட முடியாது. உலகம் முழுவதும் மனிதர்களால் 2015-இல் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. சிறு தங்கச் சுரங்கங்களும் கரி எரிப்பும் அதில் முதல் இரண்டு இடத்தில் உள்ளன. ஆவியான பாதரசம் பல மாதம் காற்றிலேயே சுற்றிவிட்டு எங்கோ மழையோடு இறங்கும். காற்று வாசமில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அங்கிருந்து மிதவை உயிரிக்கு, சிறுமீனுக்கு, அதைத் தின்னும் பெருமீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். உரத்தால் பாசி பெருகி, அடியில் பிராணவாயு அற்றுப்போன குளத்துச் சேறு இந்த நுண்ணுயிர்களுக்குத் தோதான இடம். உங்கள் இரண்டு கவலையும் சந்திக்கும் இடம் அதுதான்.

உரத்தைப் போல் இதை வாரக்கணக்கில் கணிக்க முடியாது. இன்றைக்கு உலகம் முழுவதும் புகையை நிறுத்தினாலும் சேற்றிலும் கடலிலும் உள்ள பழைய பாதரசம் பல பத்தாண்டு சுற்றிக்கொண்டிருக்கும். நிறம், நாற்றம், செயற்கைக்கோள் எதிலும் தெரியாது. சந்தேகம் தீரச் சோதிக்க விரும்பினால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். தண்ணீரில் அது அத்தனை நுண்ணிய அளவில் இருப்பதால் சாதாரண ஆய்வகம் ‘இல்லை’ என்றே எழுதிக் கொடுக்கும். குளத்திலேயே வயதான, பெரிய விரால் ஒன்றைப் பிடித்து அதன் சதையைக் கொடுங்கள். விரால் பிற மீனைத் தின்று வளர்வது, ஆண்டுக்கணக்கான சேமிப்பு அதன் உடம்பில் இருக்கும். விராலில் குறைவென்றால் கெண்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மகள் விஷயத்திலும் இதே கணக்குதான். மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. அதற்காக மீனையே நிறுத்துவது தவறு, குழந்தையின் மூளைக்கு மீனெண்ணெயும் வேண்டும். சாளை (மத்தி), நெத்திலி, அயலை (கானாங்கெளுத்தி) மூன்றும் தாராளமாக, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கொடுக்கலாம். மரச்சீனியும் சாளைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுறா, கொப்பரை (ஈட்டி மூக்குள்ள பெருமீன்), பெரிய சூரை வேண்டாம். நெய்மீன் (வஞ்சிரம்) பெரிதாக இருந்தால் அதையும் தவிர்ப்பது நல்லது. அதன் நெருங்கிய உறவான அட்லாண்டிக் மீனைக் கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். கழுவினாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் பாதரசம் போகாது, அது சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது.

பிள்ளை பெற்றபின் பால் சுரக்கப் பால் சுறா கொடுக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை போடாதீர்கள். அது சின்ன இனம் என்பதால் பெருஞ்சுறா அளவுக்குப் பயமில்லை, ஆனாலும் வேட்டையாடித் தின்னும் மீன். எப்போதாவது ஒரு வேளை புட்டு செய்து கொடுத்தால் போதும், தினமும் வேண்டாம். உடம்பில் சேர்ந்த மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 நாள் ஆகும். அதனால் சுறாவை நிறுத்துவதானால் பேறுகாலம் வரை காத்திருக்காமல் இந்த வாரத்திலிருந்தே நிறுத்திவிடுங்கள்.