தாத்தாவின் பெட்டியில் பர்மா நோட்டுகள்: நெ வின் எதைப் பறித்தார், எப்போது?

கேள்வி: எங்கள் தாத்தா ரங்கூன் முகல் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். 1964 கடைசியில் வெறுங்கையோடு பரமக்குடி திரும்பினார். அவருடைய தகரப்பெட்டியில் பழைய நோட்டுகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் ‘ஜப்பானிய அரசாங்கம்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங் சான் படம் போட்ட 100 கியாட் நோட்டுகள் கொஞ்சம், 90 கியாட் நோட்டு ஒன்று. இவற்றை எங்காவது மாற்ற முடியுமா? “நெ வின் ஜோசியக்காரன் பேச்சைக் கேட்டு ஒன்பதாம் நம்பருக்காக நோட்டை ஒழித்தான், பெகு பக்கம் இருந்த நம் வயலையும் பிடுங்கினான்” என்று பெரியப்பா சொல்வார். குடும்ப வரலாறு எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதில் எதை நம்பி எழுதலாம்?

பதில்: முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இவற்றில் எதையும் நம் ஊர் வங்கி எதுவும் இன்று மாற்றித் தராது. ஆனால் ஒவ்வொரு நோட்டும் ஒரு தேதியைச் சொல்கிறது. அந்தத் தேதிகளைப் பிடித்துக்கொண்டு போனால் பெரியப்பா சொல்வதில் எது எந்தக் காலத்தது என்று பிரித்துவிடலாம்.

ஜப்பானிய நோட்டிலிருந்து தொடங்குங்கள். வரிசை எழுத்துகளில் முதல் எழுத்து ‘பி’ என்று இருக்கும். அது பர்மாவுக்காக அச்சிட்டது என்பதற்கான அடையாளம், மலாயாவுக்கு ‘எம்’. 1942 முதல் 1945 வரை ஓடிய பணம் இது. கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்ததால் இன்றும் நிறையக் கிடைக்கிறது, சேகரிப்பவர்களிடமும் பெரிய விலை போகாது.

பின்னாளில் பர்மாவை ஆண்ட ராணுவத் தலைவர் நெ வின்னும் இந்த நோட்டுக் காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வருகிறார். இயற்பெயர் ஷு மௌங். புரோம் பக்கத்து ஊர்க்காரர். மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு ரங்கூன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், உயிரியலில் தேறாமல் வெளியேறி அஞ்சல் அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். ஆங்கில ஆட்சியை எதிர்த்த தக்கின் இயக்கத்தில் சேர்ந்து, 1941-ல் விடுதலைத் தலைவர் ஆங் சானோடு ஹைனான் தீவுக்குப் போய் ஜப்பானியரிடம் ராணுவப் பயிற்சி பெற்ற ‘முப்பது தோழர்’களில் ஒருவரானார். நெ வின் என்பது அந்தச் சமயத்தில் வைத்துக்கொண்ட பெயர். 1945 மார்ச்சில் அதே படை ஜப்பானுக்கு எதிராகத் திரும்பியது. 1947 ஜூலையில் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949 தொடக்கத்தில் கரேன் கிளர்ச்சி வெடித்தபோது, கரேன் இனத்தவரான தலைமைத் தளபதி ஸ்மித் டன்னை அகற்றிவிட்டு அந்த இடத்தில் நெ வின்னை வைத்தார்கள். ராணுவம் அன்று அவர் கைக்குப் போனது.

இப்போது பெகு வயல். இதில் பெரியப்பா ஆளை மாற்றிச் சொல்கிறார். விவசாயம் செய்யாதவர்களிடம் இருந்த நிலத்தை எடுக்கும் சட்டம் 1948-லேயே வந்தது, 1953-ல் அதைப் புதிதாக இயற்றினார்கள். இரண்டுமே தேர்தலில் வென்று பிரதமரான ஊ நூ காலத்தவை. அதற்கு ஒரு பின்னணியும் உண்டு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார் கடைகளுக்குப் போயிற்று. கீழ் பர்மாவின் சாகுபடி நிலத்தில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் பங்கு 1938-க்குள் 25 சதவீதம் ஆனது. பர்மிய விவசாயியின் கோபத்தை இதைச் சொல்லாமல் எழுத முடியாது. உங்கள் தாத்தா வட்டிக்கடைக்காரர் இல்லை, ஜவுளிக்கடைக்காரர்தான். ஆனால் அந்தக் கோபம் ஆள் பார்த்து வரவில்லை. குடும்ப வரலாற்றில் இந்தப் பக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கடை விஷயத்துக்கு வருவோம். 1958-ல் ஆளுங்கட்சி பிளந்ததும் ஊ நூவே நெ வின்னை அழைத்து ஆட்சியை ஒப்படைத்தார். காபந்து அரசு என்று பெயர். 1960-ல் தேர்தல் நடத்தித் திருப்பியும் கொடுத்தார் நெ வின். அந்த ஒரு காரணத்தாலேயே அவரைப் பலர் நம்பினார்கள். 1962 மார்ச் 2 விடியற்காலையில் அவர் ஆட்சியைப் பிடித்தபோது எதிர்ப்பு பெரிதாக எழவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் சாவ் ஷ்வே தைக் வீட்டில் அவருடைய 17 வயது மகன் சுட்டுக் கொல்லப்பட்டான். அப்பாவும் அதே ஆண்டு நவம்பரில் சிறையில் இறந்தார். ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் மீது துப்பாக்கிச்சூடு. மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆங் சான் முதலானோர் அரசியல் பழகிய கட்டடம் அது.

அப்புறம் ‘சோஷலிசத்துக்கான பர்மிய வழி’ என்று ராணுவ ஆட்சி அறிவித்த கொள்கை. ராணுவத்திலேயே நிதானமான பொருளாதாரம் பேசிய ஆங் ஜி 1963 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டார். அதே மாதம் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள், ஏப்ரலில் மற்ற ஊர்க் கடைகள். கடைப் பெயர்ப்பலகை போய், எண் போட்ட ‘மக்கள் கடை’ பலகை வந்தது. உங்கள் தாத்தாவின் கடை இந்த அலையில்தான் போயிருக்கும். பெட்டியில் சரக்குப் பட்டியலோ முத்திரை வைத்த ரசீதோ இருந்தால், எனக்கு நோட்டைவிட அதுதான் பெரிது. பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக 1964 மே 17. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. கடையை இழந்தவர்கள் கையில் மிச்சமிருந்தது ரொக்கம். அதுவும் பெரும்பாலும் இந்த நோட்டுகளாகத்தான் இருக்கும். உங்களிடம் உள்ள 100 கியாட் நோட்டில் வங்கியின் பெயரைப் பாருங்கள். ‘யூனியன் பேங்க் ஆஃப் பர்மா’ என்றிருந்தால் அந்த அறிவிப்பில் செத்த நோட்டு. ‘யூனியன் ஆஃப் பர்மா பேங்க்’ என்றிருந்தால் 1970-களில் அச்சானது, தாத்தா ஊர் திரும்பிய பிறகு யார் மூலமோ வந்து சேர்ந்தது.

‘இந்தியர்களே வெளியேறுங்கள்’ என்று ஒரு ஆணையைத் தேடாதீர்கள், கிடைக்காது. சட்டத்தின் வாசகத்தில் எல்லா முதலாளிகளுக்கும் ஒரே விதிதான். பர்மியக் கடைகளும் போயின. ஆனால் வங்கி இல்லை, கடை இல்லை, ரொக்கம் இல்லை, குடியுரிமையும் இல்லை என்றால் ஒரு தமிழ்க் குடும்பம் அங்கே என்ன செய்யும்? 1960-களில் ஏறக்குறைய 3 லட்சம் இந்திய வம்சாவளியினர் கிளம்பினார்கள். சென்னையில் பர்மா பஜாரும், பல ஊர்களில் பர்மா காலனிகளும், தாயகம் திரும்பியோருக்காக 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கியும் அந்தக் கப்பல்களின் தொடர்ச்சி. சிலர் மறுபடியும் பர்மாவுக்கே போக நினைத்து, எல்லையில் மணிப்பூரின் மோரேவில் தங்கிவிட்டார்கள்.

சரி, ஒன்பதாம் நம்பர் கதை? அது உண்மைதான், ஆனால் 23 ஆண்டு பிந்தியது. 1985 நவம்பரில் 75 கியாட் நோட்டு வந்தது, நெ வின்னின் 75-வது பிறந்தநாளை ஒட்டி. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 நோட்டுகளை ஒரே அறிவிப்பில் ஒழித்தார்கள், ஒரு காசு ஈடு இல்லாமல். அந்த மாதமே 45, 90 கியாட் நோட்டுகள் வெளிவந்தன. இரண்டின் இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பது. உங்களிடம் உள்ள 90 கியாட் நோட்டு அதுதான். தாத்தா 1964-ல் கொண்டுவந்திருக்கவே முடியாது. அங்கேயே தங்கிவிட்ட உறவினர் யாராவது வந்துபோயிருக்க வேண்டும், விசாரியுங்கள். அதில் இருப்பவர் சயா சான். 1930 டிசம்பரில் தராவடியில் வெடித்த விவசாயக் கிளர்ச்சியின் தலைவர். வரியோடு கடன்சுமையும் சேர்ந்து மூட்டிய கிளர்ச்சி அது.

1964-க்கும் 1987-க்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை நீங்கள் அழுத்தி எழுத வேண்டும் என்பது என் விருப்பம். முதலாவது வியாபாரிகளை ஒழிப்பதென்று உட்கார்ந்து திட்டமிட்ட அரசியல் முடிவு. அதை ஜோசியத்தின் தலையில் போட்டால், அந்த முடிவில் பங்கெடுத்த அத்தனை அதிகாரிகளும் தப்பித்துவிடுவார்கள். இரண்டாவது, கால் நூற்றாண்டு யாரும் எதிர்த்துப் பேசாத ஒரு மனிதரின் சொந்த நம்பிக்கை நாட்டின் கஜானாவுக்குள் நுழைந்த கட்டம்.

அவருடைய சொந்த வாழ்க்கையிலும் இந்த இரட்டை நிலை தெரியும். குதிரைப் பந்தயம் நாட்டைக் கெடுக்கிறது என்று தடை போட்டார், இங்கிலாந்து போனால் பந்தயத் திடலில் உட்கார்ந்தார். மக்களுக்கு வெளிநாட்டுப் பயணம் எட்டாக்கனியாக இருக்க, வியன்னாவில் மனநல சிகிச்சை எடுத்துக்கொண்டார். பல திருமணங்கள். நெடுங்காலம் உடனிருந்த கின் மே தான் 1972-ல் இறந்தார். 1976-ல் பழைய கொன்பாங் அரச குலத்தில் வந்த ஜூன் ரோஸ் பெல்லமியை மணந்தார், சில மாதங்களிலேயே முறிந்தது. 1975 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டுக்கு எதிரே இன்யா ஏரிக்கரை ஹோட்டலில் பாட்டுக் கச்சேரி சத்தம் பொறுக்காமல் சிப்பாய்களோடு நேரே உள்ளே போய் மேளத்தை உடைத்தார். 1970-ல் வாகனங்களை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியதும் நடந்ததுதான். அதன் காரணமாகச் சொல்லும் ஜோசியக் கதைகளோ ஆளுக்கொரு வடிவம். நிகழ்ச்சியை எழுதுங்கள், காரணத்தை விட்டுவிடுங்கள்.

1987 நோட்டு ஒழிப்பு அவரையும் சாய்த்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. 1988 ஜூலை 23 அன்று கட்சித் தலைமையிலிருந்து விலகியபோது, ராணுவம் சுட்டால் குறிபார்த்துத்தான் சுடும், வானத்தைப் பார்த்துச் சுடாது என்று எச்சரித்துவிட்டே போனார். ஆகஸ்ட் 8 எழுச்சியில் அதுதான் நடந்தது. 2002 மார்ச்சில் மருமகனும் மூன்று பேரன்களும் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி என்ற குற்றச்சாட்டில் கைதானார்கள். நெ வின் வீட்டுக்காவலில் இருந்தபடியே அந்த டிசம்பர் 5 அன்று இறந்தார். அரசு மரியாதை கிடையாது. அன்றே தகனம்.

நோட்டுகளை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். அமிலம் இல்லாத காகித உறையில் ஒவ்வொன்றாக வையுங்கள். எப்போது கிடைத்தது, பெட்டியில் வேறு எதோடு இருந்தது என்று உறையின் மேல் பென்சிலால் குறித்துவிடுங்கள். பெரியப்பாவை ஒலிப்பதிவு செய்யுங்கள். வருஷத்தைக் கேட்பதைவிட, “கடைப் பலகையை இறக்கியபோது எந்த அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது?” என்று கேட்டால் நினைவு சரியாக வரும். கடை இருந்த இடத்தை வரைபடத்தில் தேடும்போது ரங்கூன் முகல் தெரு என்று போட்டால் சிக்காமல் போகலாம். இன்று அது யாங்கோனில் ஷ்வே போன் தா தெரு.