பிள்ளைகளோடு சேர்ந்து சுட்ட பிரெட் கல்லாகிவிட்டதே!

கேள்வி: மே விடுமுறையில் ஏழு வயது மகளையும் நாலு வயது மகனையும் சேர்த்துக்கொண்டு பிரெட் செய்தேன். நல்ல வெந்நீரில் ஈஸ்ட்டைக் கலந்தோம், மாவு கையில் ஒட்டியதால் மேலும் மேலும் மைதா தூவிப் பிசைந்தோம். மேலே கறுத்து, உள்ளே கல்லாகிவிட்டது. பிள்ளைகளும் பாதியிலேயே ஓடிவிட்டார்கள். "மாவைக் கெடுக்காதே, கடையில் வாங்கு" என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: விட்டுவிடாதீங்க தங்கச்சி. காரணம் ரெண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஈஸ்ட்டுக்கு உயிர் உண்டு, 55 டிகிரியைத் தாண்டினால் செத்துப்போகும். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும், நம்ம ஊர் மே வெயிலுக்குச் சாதாரணத் தண்ணீரே போதும். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒருகாலத்தில் கள் ஊற்றிப் புளிக்கவைத்த ஆப்ப மாவைப் பொங்க வைத்ததும் இதே ஈஸ்ட்தான், கள்ளுக்குத் தடை வந்தபிறகு பல வீடுகளில் ஆப்பத்துக்கே ஈஸ்ட் வாங்கிப் போடுகிறார்கள். மாவு பொங்கிவிட்டதா என்று பார்க்க அவரைக் கூப்பிடுங்கள், அந்தக் கண் உங்களுக்கு வேண்டும்.

ரெண்டாவது, அந்தக் கூடுதல் மைதா. 500 கிராம் மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர், ரெண்டு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ரெண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அதே அளவு தேங்காய் எண்ணெய். எல்லாவற்றையும் கலந்து இருபது நிமிடம் தொடாமல் மூடி வையுங்கள், மாவு தண்ணீரைக் குடித்துவிடும், பாதி ஒட்டல் தானாகவே போய்விடும். மீதி ஒட்டலுக்கு மைதா வேண்டாம், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பத்து நிமிடம் பிசையுங்கள். ஒரு துண்டைக் கிள்ளி ஜன்னல் பக்கம் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், கிழியாமல் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக விரிந்தால் பதம் சரி.

இனி பிள்ளைகள். நாலு வயதுக்காரன் மூன்று மணி நேரம் அடுக்களையில் நிற்கமாட்டான், நிற்கவும் வேண்டாம். தராசில் எண் பார்க்க மகள், தண்ணீர் ஊற்ற மகன், அப்புறம் ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு உருண்டை கொடுத்து அடிக்கவும் இழுக்கவும் விடுங்கள், மாவு பொங்க வைத்ததும் விளையாட அனுப்பிவிடுங்கள். ஒரு சின்ன உருண்டையை மட்டும் கண்ணாடி டம்ளரில் போட்டு, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி வையுங்கள். கண்ணாடியோரம் குமிழ் குமிழாக வந்து மாவு ரப்பர் பேண்டைத் தாண்டுவதை அவர்களே ஓடிவந்து ஓடிவந்து பார்ப்பார்கள். வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும், ஜூன் சாரலில் கொஞ்சம் கூடுதலாகும்.

பெரிய பிரெட்டாகச் சுடாதீர்கள், இதுதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்வது. எலுமிச்சை அளவு உருட்டி பன்னாகச் சுடுங்கள். பெரிதாக இருந்தால் உள்ளே வேகும்முன் மேலே கறுத்துவிடும், பன் என்றால் 190 டிகிரியில் கால் மணி நேரத்தில் வெந்துவிடும், பிள்ளைகளுக்கும் காத்திருக்கப் பொறுமை இருக்கும். ஆளுக்கு நாலு உருண்டை கொடுத்துவிடுங்கள், ஆமையோ பாம்போ, அவர்கள் இஷ்டம். கோணலாக இருக்கிறதென்று நீங்கள் திருத்த வேண்டாம், தான் செய்ததைத் தேடி எடுத்துத் தின்பதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம். தட்டில் அடுக்கி அரை மணி நேரம் இன்னொரு முறை பொங்க விட்டுச் சுடுங்கள்.

பச்சை மாவை நக்க விடாதீர்கள், வேகாத மைதாவில் கிருமி இருக்கலாம். சூடான ஓவன் பக்கம் நீங்கள் மட்டும் போங்கள். சூடு ஆறியதும் மார்த்தாண்டம் தேன் தொட்டுக் கொடுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் தேனில் பயமில்லை. நம்ம ஊர் ஈரக் காற்றில் ரெண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தாலோ விறைத்துப்போகும். மிஞ்சியதை மறுநாளே ஃப்ரீசரில் போட்டுவிட்டு, வேண்டும்போது தோசைக்கல்லில் மூடி வைத்துச் சுட வையுங்கள்.