பொய்க்குக் கூலி கொடுப்பது யார்? – கேள்வி பதில்

இணைய விளம்பரம் வாங்கி விற்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தேன். விளம்பரக் காசு எந்த வழியாகப் போய் யார் கையில் சேர்கிறது என்பது எனக்குத் தெரிந்த விஷயம். அரசியல் பொய்கள் பரவுவதில் அந்தக் காசுக்கு என்ன பங்கு என்று கேளுங்கள், சொல்கிறேன். எந்தக் கட்சி அதிகம் பொய் சொல்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள், அது என் துறை இல்லை.

கல்லூரி மாணவி, திருச்சி: அக்கா, பொய்ச் செய்தி வீடியோ போடுகிறவருக்குப் பணம் கொடுப்பது யார்? யூடியூபா, கட்சியா?

கட்சி கொடுப்பது தனிக்கதை. கட்சி ஒரு பைசா கொடுக்காவிட்டாலும் வரும் பணத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

நீங்கள் ஒரு வீடியோவைத் தொட்டதும், அது ஓடத் தொடங்குவதற்குள் உங்கள் திரையில் இருக்கும் விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. உங்கள் வயது, ஊர், எதையெல்லாம் தேடினீர்கள் என்பதை வைத்துக் கம்பெனிகளுக்காகக் கணினிகளே விலை கேட்கின்றன. ஏலத்தில் ஜெயித்த விளம்பரம் ஓடுகிறது. யூடியூபில் நீள வீடியோ என்றால் அந்த வருமானத்தில் 55 சதவீதம் சேனல்காரருக்கு, ஷார்ட்ஸ் என்றால் 45. வீடியோவில் என்ன பேசுகிறார்கள் என்று விலை கேட்பவர் பார்ப்பதில்லை.

நான் வேலையில் இருந்தபோது ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம், ஒரு சமூகத்தாரை ஊரைவிட்டு விரட்டச் சொல்லும் வீடியோவுக்கு முன்னால் ஓடியது. கடுகு பொரிகிற சத்தம், குழந்தைகள் சாப்பாட்டு மேசைக்கு ஓடி வருவது, அப்புறம் கம்பெனி பெயர். அது முடிந்த அடுத்த நொடி அந்த ஆள் கையை ஓங்கிப் பேச ஆரம்பிக்கிறார். திரையைப் படம் பிடித்து அந்தக் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேலாளருக்கு அனுப்பினேன். "இப்படி ஒரு சேனலை நாங்கள் வாங்கவே இல்லையே" என்று பதறிப்போனார். அவர் சொன்னது உண்மைதான். 'தமிழ்நாடு, பெண்கள், 25 முதல் 45 வயது' என்றுதான் வாங்கியிருந்தார்கள். அந்த வயதுப் பெண்கள் எங்கே போனாலும் விளம்பரம் பின்னாலேயே போகும். வெறுப்புப் பேச்சுக்கு மாதச் சம்பளம் இப்படித்தான் போகிறது. கொடுப்பவருக்கே தான் கொடுப்பது தெரியாது.

வாசகர், சேலம்: 2016 அமெரிக்கத் தேர்தலில் ஐரோப்பாவின் ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பையன்கள் பொய்ச் செய்தி போட்டே சம்பாதித்தார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். அந்த ஊர் வெலெஸ், இன்றைய வடக்கு மாசிடோனியாவில் இருக்கிறது. யூகோஸ்லாவியா காலத்தில் பீங்கான் தொழிற்சாலையும் மற்ற ஆலைகளும் ஓடிய ஊர். நாடு உடைந்த பிறகு ஆலைகள் மூடின, வேலை போனது. அங்கிருந்து டிரம்ப்பை ஆதரிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்கள் நடந்ததை 2016-ல் கார்டியன் நாளிதழும் பஸ்ஃபீட் செய்தித் தளமும் வெளியே கொண்டுவந்தன. நடத்தியவர்களில் பலர் பள்ளி, கல்லூரி வயதுப் பையன்கள். அமெரிக்காவின் ஓரஞ்சாரத் தளங்களிலிருந்து கதையைச் சுட்டு, தலைப்பை இன்னும் காரமாக்கி, ஃபேஸ்புக் குழுக்களில் தூவுவார்கள். படிக்க வருகிறவருக்கு, தளக்காரருக்குப் பங்கு கொடுக்கும் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் விளம்பரம் காட்டும். அமெரிக்கர் ஒருவர் வந்து பார்த்தால் கிடைக்கும் காசு, மற்ற நாட்டவர் பார்த்தால் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. அதனால்தான் மாசிடோனியப் பையனுக்கு மாசிடோனிய அரசியல் தேவைப்படவில்லை.

அவர்களில் சிலர், டெமாக்ரட் கட்சியில் வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்களுக்கும் எழுதிப் பார்த்தார்கள். டிரம்ப் கதைகளுக்குத்தான் கூட்டம் வந்தது, அதோடு நின்றுவிட்டார்கள். கொள்கை என்று எதுவும் கிடையாது. தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதங்களில் முன்னணியில் இருந்த 20 பொய்ச் செய்திகளுக்கு ஃபேஸ்புக்கில் லைக், ஷேர், கமெண்ட் எல்லாம் சேர்த்து 87 லட்சம் என்று பஸ்ஃபீட் கணக்கெடுத்தது. பெரிய செய்தி நிறுவனங்களின் முதல் 20 செய்திகளுக்கு 73 லட்சம்.

தேர்தல் முடிந்த ஒரு வாரத்துக்குள் கூகுளும் ஃபேஸ்புக்கும் பொய்ச் செய்தித் தளங்களுக்கு விளம்பரம் இல்லை என்று அறிவித்தன. ஆனால் 2019-ல் ஃபேஸ்புக்குக்குள்ளேயே எழுதப்பட்ட ஓர் அறிக்கை 2021-ல் வெளியே வந்தது. கொசோவோவிலும் மாசிடோனியாவிலும் பெருமளவு இயங்கிய போலிப் பக்கங்கள் மாதம் 14 கோடி அமெரிக்கர்களைச் சென்றடைந்தன என்றது அது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கங்களைப் பின்தொடரவே இல்லை. ஃபேஸ்புக்தான் பரிந்துரைத்துக் கண் முன்னால் நிறுத்தியது. எனக்கு வெலெஸ் பையன்கள் மேல் இருப்பதைவிட இதன் மேல்தான் கோபம் அதிகம்.

வாசகர், ஈரோடு: என் யூடியூப் சேனலுக்கு மானிடைசேஷன் எப்போது கிடைக்கும்?

விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர், கூடவே ஓராண்டில் 4,000 மணி நேரம் அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. இந்தப் பகுதி அதற்கானது இல்லை.

வாசகி, தஞ்சாவூர்: வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டுகளுக்கும் காசு உண்டா?

ஃபார்வர்டு செய்வதற்குக் காசு இல்லை. அதில் ஒரு லிங்க் இருந்து, நீங்கள் அதைத் தொட்டால், போய்ச் சேரும் இடத்தில் காசு உண்டு.

ஐடி ஊழியர், சென்னை: எக்ஸ் தளத்தில் நீல டிக் வைத்திருக்கிற கணக்குகள்தான் பொய்யை அதிகம் பரப்புவது போலத் தெரிகிறது. ஏன்?

2023 ஜூலையில் எக்ஸ் வருமானத்தைப் பங்கு போட ஆரம்பித்தது. பிரீமியம் சந்தா கட்ட வேண்டும் (நீல டிக் அதோடுதான் வருகிறது), மூன்று மாதத்தில் குறைந்தது 50 லட்சம் பார்வை வேண்டும். ஆரம்பத்தில் காசு எதற்குத் தெரியுமா? பதிவுக்குக் கீழே வரும் பதில்களுக்கு நடுவில் காட்டும் விளம்பரத்துக்கு. 'இது அப்பட்டமான பொய்' என்று நூறு பேர் கீழே எழுதினாலும் அந்த நூறும் அவருக்குத்தான் வரவு. 2024 அக்டோபரில் கணக்கை மாற்றி, சந்தா கட்டியவர்கள் காட்டும் ஈடுபாட்டுக்குப் பணம் என்றார்கள். அப்போதும் அடிப்படை மாறவில்லை. சந்தா கட்டியவரைச் சீண்டினால் போதும்.

2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய முதல் வாரத்தில், போர் பற்றிய பொய்களைச் சொல்லி அதிகம் பரவிய 250 பதிவுகளை, செய்தித் தளங்களின் நம்பகத்தன்மையை அளக்கும் நியூஸ்கார்டு நிறுவனம் எடுத்துப் பார்த்தது. அவற்றில் 186 நீல டிக் கணக்குகளுடையவை. அந்த மாதக் கடைசியில், சமூகக் குறிப்பு (பயனர்களே சேர்ந்து பதிவுக்குக் கீழே போடும் விளக்கம்) போட்டுத் திருத்தப்பட்ட பதிவுக்கு வருமானம் கிடையாது என்று மஸ்க் அறிவித்தார். நல்ல விதிதான். ஆனால் குறிப்பு வருவதற்குள் பதிவு ஊரைச் சுற்றிவிடுகிறது.

2024 ஜூலை 29 அன்று பிரிட்டனின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். சில மணி நேரத்தில் கொலையாளி என்று ஒரு முஸ்லிம் பெயர் பரவியது, புகலிடம் தேடிப் படகில் வந்தவர் என்றும் சேர்த்தார்கள். பெயரே பொய். கைதானவர் பிரிட்டனிலேயே, கார்டிஃபில் பிறந்தவர். மறுநாள் அந்த ஊர் மசூதி தாக்கப்பட்டது, கலவரம் பல ஊர்களுக்குப் பரவியது. அந்தப் பொய்ப் பெயரைப் பெரிதாகப் பரப்பிய தளங்களில் ஒன்று, செய்திச் சேனல் போலவே பெயர் வைத்துக்கொண்டு கிளிக்குக்காக நடந்த தளம்.

ஆகவே, தயவுசெய்து: பொய்ப் பதிவுக்குக் கீழே போய்த் திட்டாதீர்கள். திட்டுவதும் அங்கே வருமானம்.

வாசகர், திண்டுக்கல்: எந்தக் கட்சியின் ஐடி விங்...

மேலே சொல்லிவிட்டேன்.

செய்திச் சேனல் நடத்துபவர், கோவை: மேடம், 'பொய்க்குக் காசை நிறுத்து' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. காசாவைப் பற்றியும் மணிப்பூரைப் பற்றியும் நாங்கள் களத்தகவல் வைத்துப் போட்ட வீடியோக்களுக்கு மஞ்சள் டாலர் விழுந்தது. விளம்பரமே வரவில்லை. எது உண்மை என்று முடிவு செய்யும் அதிகாரத்தை கம்பெனிக்கோ அரசாங்கத்துக்கோ கொடுத்தால் முதலில் சாகிறது எங்களைப் போன்ற சின்ன சேனல்தான்.

இன்று வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது. மஞ்சள் டாலர் பற்றித் தெரியாதவர்களுக்கு: விளம்பரதாரருக்கு ஒவ்வாத விஷயம் என்று யூடியூப் நினைத்தால் வீடியோ பக்கத்தில் டாலர் குறி மஞ்சளாகும், வருமானம் சுருங்கும். போர், கொலை என்ற சொல் வந்தாலே பெரும்பாலும் இயந்திரம் பயப்படுகிறது. உண்மையைச் சொன்னவருக்கும் அதே தண்டனைதான்.

அரசாங்கத்திடம் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முடிவு செய்ய ஒரு உண்மை சரிபார்ப்புப் பிரிவு வைத்துக்கொள்ள விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு.

நான் கேட்பது வேறு. பேசுகிற உரிமை எல்லோருக்கும் உண்டு. விளம்பரப் பங்கு உரிமை இல்லை, அது ஒரு வியாபார ஒப்பந்தம். கலவரம் நடக்கும் ஊரைப் பற்றியோ தேர்தல் வாரத்திலோ திடீரென்று எகிறுகிற பதிவுக்கு மட்டும் காசை ஒரு மாதம் நிறுத்தி வைக்கட்டும். பொய் என்று தெரிந்தால் விளம்பரதாரருக்கே திருப்பிக் கொடுக்கட்டும்.

கோவை, மீண்டும்: ஒரு மாதம் என்றால் எங்களுக்கு ஆபீஸ் வாடகை, கேமரா இஎம்ஐ யார் கட்டுவது? பொய் சொல்கிறவனிடம் பத்து கணக்கு இருக்கும், அவனுக்கு ஒன்றும் ஆகாது.

அந்த ஒரு பதிவின் காசை மட்டும்தான் சொல்கிறேன், சேனலின் மாத வருமானத்தை இல்லை. பத்து கணக்கு விஷயம் உண்மை. அதற்குத்தான் யாருக்கு, எந்த நாட்டில், எவ்வளவு போகிறது என்று கம்பெனிகள் வெளியிட வேண்டும் என்கிறேன். 2025 நவம்பரில் எக்ஸ் ஒவ்வொரு கணக்கும் எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்று காட்ட ஆரம்பித்ததும், அமெரிக்க தேசபக்தர் வேடம் போட்ட எத்தனையோ கணக்குகள் வேறு கண்டங்களில் இருப்பது தெரிந்தது. அந்த ஊர்க்குறியில் தவறுகளும் இருந்தன. இருந்தாலும் ஒரே ஒரு விவரம் வெளியே வந்ததற்கே இவ்வளவு தெரிந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை: அம்மா, நீங்கள் பணத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பர்மாவில் ரோஹிங்யா முஸ்லிம்கள் மேல் வெறுப்பைக் கிளப்பியது விளம்பரக் காசா? ராணுவமும் மதவெறியும் இல்லையா?

ஐயா, வெறுப்பு அங்கே ஃபேஸ்புக்குக்கு முன்பே இருந்தது. ராணுவ ஆட்கள் போலிப் பக்கங்கள் நடத்தியது 2018-ல் வெளிவந்தது. அதை நான் மறுக்கவில்லை. கூடவே இதையும் பாருங்கள். 2015-ல் மியான்மரில் ஃபேஸ்புக்கில் அதிக ஈடுபாடு பெற்ற பத்துத் தளங்களில் ஆறு முறையான செய்தி நிறுவனங்கள். அடுத்த ஆண்டு கட்டுரைக்குள்ளேயே விளம்பரம் போட்டுப் பங்கு கொடுக்கும் இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ் அங்கே வந்தது. 2018-ல் அந்தப் பத்தில் ஒரு செய்தி நிறுவனம்கூட இல்லை. ராணுவத்துக்கு நோக்கம் இருந்தது. நோக்கமே இல்லாத ஆயிரம் பேரை அதே வேலைக்கு இறக்கியது காசு.

வாசகர், யாழ்ப்பாணம்: கோவை அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கு. இங்கே 2024-ல் இணையப் பாதுகாப்புச் சட்டம் என்று கொண்டுவந்தார்கள். அதைக் கண்டு பொய் சொல்கிறவனைவிடப் பத்திரிகையாளர்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் சட்டத்தைப் பற்றிப் பேசாமல் விளம்பர ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

வாசகி, கரூர்: கோபம் வருகிற பதிவுதான் அதிகம் வருகிறது. கற்பனையா?

இல்லை. 2017-ல் ஃபேஸ்புக், எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று முடிவு செய்ய, கோப முகக் குறி உள்பட எமோஜி ஒவ்வொன்றையும் ஐந்து லைக்குக்குச் சமமாகக் கணக்கிட்டது. கோபக் குறிக்கான மதிப்பைப் பூஜ்யமாக்க 2020 வரை ஆனது.

வாசகர், நாமக்கல்: மானிடைசேஷனுக்கு அரசியல் கன்டென்ட் நல்லதா, சமையலா?

இரண்டாவது முறையாக இதே பாதையில் கேள்வி வருகிறது. இனி பதில் இல்லை.

பின்னலாடைத் தொழிலாளர், திருப்பூர்: 2023-ல் பீகார் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று வீடியோ வந்ததே. எங்கள் யூனிட்டிலிருந்து பாதிப் பேர் ரயிலேறிப் போய்விட்டார்கள். அதற்கும் காசுதானா?

அந்த நாட்களை நேரில் பார்த்தவர் நீங்கள். ஓடிய வீடியோக்களில் ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள்ளேயே நடந்த அடிதடி. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. இரண்டையும் அப்போதைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு வெளிப்படையாக மறுத்தார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் இந்தி பேசியதற்காகப் பன்னிரண்டு பேரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள் என்பது வரை கதை போய்விட்டது.

அதைக் கிளப்பியவர்களில் சிலருக்கு அரசியல் கணக்கு இருந்தது. எடுத்து வெட்டி ஒட்டி மறுபடி ஏற்றியவர்களுக்கு வியூஸ் போதும். அந்த வீடியோவைப் பார்த்துக் கலங்கிய பீகார்த் தாய் ஒருத்தி மகனுக்குப் போன் போட்டு ஊருக்கு வரச் சொல்கிறாள். அவள் பார்த்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கணக்கில் எண்ணிக்கை ஏறுகிறது. உங்கள் யூனிட்டில் நின்றுபோன தையல் மெஷினுக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை.

இல்லத்தரசி, நாகர்கோவில்: மேடம், எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? ரிப்போர்ட் அடித்தால் ஒன்றும் நடப்பதில்லை.

ரிப்போர்ட் அடியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். பொய் வீடியோவுக்கு முன்னால் எந்தக் கம்பெனி விளம்பரம் வந்தது என்று பாருங்கள். விளம்பரமும் வீடியோவின் தலைப்பும் சேர்ந்து தெரியும்படி திரையைப் பதிவு செய்து, தேதி, நேரம் குறித்து, அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு அனுப்புங்கள். "உங்கள் பொருளை வாங்குகிறவள் நான்" என்று ஒரு வரி சேருங்கள். மார்க்கெட்டிங் ஆட்கள் பயப்படுவது அந்த வரிக்குத்தான். சேனலின் பெயர் கையில் இருந்தால் அதைத் தங்கள் விலக்குப் பட்டியலில் சேர்க்க அவர்களுக்குச் சில நிமிடம்கூட ஆகாது. அந்தப் பதிவைக் கண்டிக்கிறேன் என்று உங்கள் குழுவில் லிங்க்கோடு பகிராதீர்கள். எச்சரிக்க வேண்டுமென்றால் எது பொய் என்பதை உங்கள் வார்த்தையில் எழுதி அனுப்புங்கள்.