வாய்ப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு இந்தியா போகிற குடும்பங்கள் கேட்டவை

நான் மலையகத்து ஆஸ்பத்திரிகளில் நேர்ஸாக இருந்து பென்ஷன் எடுத்தவள். வாய், கழுத்துப் புற்றுநோய்க்காரரைப் பார்த்தே பாதி சேவைக்காலம் போனது, அப்புறம் சொந்த அண்ணனுக்கே வந்து சென்னையில் கூட இருந்தேன். நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: மிஸி, அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். இங்கே வேண்டாம், உடனே சென்னைக்குக் கொண்டு போ என்று சொந்தக்காரர் எல்லாரும் நெருக்குகிறார்கள்.

சொந்தக்காரர் டிக்கெட் எடுத்துத் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். பேராதனைப் பல் வைத்தியசாலையில் இந்த ஆபரேஷனைப் பல காலமாகச் செய்கிறார்கள், காசும் இல்லை, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். அங்கே போய் எப்போது திகதி கிடைக்கும், தாடை எலும்பை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைத்துக் கட்டுவீர்கள் என்று இரண்டையும் நேராகக் கேளுங்கள். திகதி தூரத்தில் இருந்தால் இந்தியாவை யோசியுங்கள். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. இரண்டும் இலாபத்துக்கு நடத்துகிற இடங்கள் இல்லை. ஏஜென்ட் ஒருவர் தானாக வந்து ஓர் ஆஸ்பத்திரியைப் புகழ்ந்தால் அவருக்கு அங்கே கமிஷன் இருக்கலாம். அப்பா வெற்றிலையை இன்றைக்கே விட வேண்டும். புகையிலை போடுவதில்லையே என்பார். பாக்கு மட்டுமே போதும் புற்றுநோய் வர.

பண்டாரவளை, பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: என்னென்ன கொண்டு போக வேண்டும்?

ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. சதைத் துண்டை மெழுகில் வைத்த பயோப்சி பிளொக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள், அங்கே திரும்பப் பார்ப்பார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் படங்கள் சீடியில் வேண்டும். அடுத்தது பெயர். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, கிளினிக் கொப்பியில் மூன்றாவது! பாஸ்போட்டில் உள்ளபடியே எல்லா மருத்துவப் பேப்பரையும் திருத்தி வாங்கிய பிறகே விசாவுக்குப் போடுங்கள். நோயாளிக்கு மருத்துவ ஈ-விசா, துணைக்குப் போகிற இரண்டு பேர் வரை தனி விசா எடுக்கலாம்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு மருமகள்: மாமியோடு யார் போவது? என் வீட்டுக்காரர் கொழும்புக் கடையில் வேலை, ஒரு வாரம்தான் லீவு.

ஒரு வாரக்காரர் கொண்டு போய் விட்டுவிட்டு வரட்டும். தங்குகிறவர் மாதக்கணக்கில் இருக்கக் கூடியவர், சளி உறிஞ்சுவதையும் மூக்கு வழியாகச் சாப்பாடு போகிற டியூப் பிடிப்பதையும் பார்த்து முகம் சுளிக்காதவர், டொக்டர் சொல்வதைக் கொப்பியில் எழுதுகிறவர். அது நீங்கள்தான் என்றால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று இப்போதே குடும்பத்தைக் கூட்டிப் பேசுங்கள். போன பிறகு போனில் சண்டை பிடிக்க முடியாது.

பொகவந்தலாவையிலிருந்து: காசு?

பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்து, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், வைத்தியச் செலவுக்காக 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், ஆனால் அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். நகை அடகு வைக்கிறதென்றால் ஆஸ்பத்திரியின் எஸ்டிமேட் கைக்கு வந்த பிறகு வையுங்கள், வட்டி அன்றிலிருந்தே ஓடுமே.

ஹட்டனிலிருந்து ஒரு அக்கா: ஆபரேஷன் முடிந்து எப்போது கூட்டி வரலாம்? எங்களுக்கு அதுதான் பெரிய கவலை.

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். வெட்டி எடுத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள் அக்கா. வெட்டி எடுத்த சதையின் சோதனை முடிவில் கட்டி பெரிது என்றோ, கழுத்து நெறியிலும் (நிணநீர்க் கணுவிலும்) இருக்கிறது என்றோ வந்தால் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அது ஆபரேஷன் முடிந்து ஆறு கிழமைக்குள் தொடங்க வேண்டும், பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய இன்னும் ஆறு கிழமை ஓடும். சென்னையிலேயே செய்தால் அத்தனை காலமும் அறை வாடகை. இங்கே கண்டி ஆஸ்பத்திரியிலோ மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ செய்யலாம், ஆனால் வந்திறங்கிப் பிறகு வரிசையில் நின்றால் ஆறு கிழமை போய்விடும். அதனால் போவதற்கு முன்பே இங்குள்ள புற்றுநோய் டொக்டரிடம் போய், "ஆபரேஷன் அங்கே, கதிர்வீச்சு இங்கே" என்று சொல்லிக் கிளினிக் நம்பர் போட்டுவிட்டுப் போங்கள். ஆபரேஷன் குறிப்பு, சோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் அன்றே கையில் வாங்குங்கள். ஆடுகிற பல்லைப் பிடுங்குவதென்றால் அதுவும் கதிர்வீச்சுக்கு முன்னால், பிறகு பிடுங்கினால் தாடைப் புண் ஆறாமல் போகலாம்.

விமானம் ஒன்றரை மணித்தியாலம் கூட இல்லை. கட்டுநாயக்காவிலிருந்து ஹட்டன் வளைவுகளில் ஏறி வருவதுதான் பாடு. மூக்கு டியூபோடு வருகிறவருக்கு வாந்தி வந்தால் ஆபத்து, அன்றிரவு கொழும்புப் பக்கம் யார் வீட்டிலாவது தங்கி ஆறுதலாக வாருங்கள். இரத்தம் உறையாதிருக்க ஊசி கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள், வழியில் இறங்கிக் கொஞ்சம் நடக்க விடுங்கள்.

அதே அக்கா: லயத்துக் காம்பராவில் எப்படிப் பார்ப்பது? அடுப்பும் அங்கேதானே.

விறகுப் புகை படவே கூடாது, கொஞ்ச நாளைக்கு அடுப்பை வெளிக் கொட்டிலுக்கு மாற்றுங்கள். டியூபில் கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, முன்னும் பின்னும் காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டு, அரை மணித்தியாலம் படுக்க விடாமல் வைத்திருங்கள். கஞ்சியை நன்றாக வடிகட்டுங்கள், ஒரு பருக்கை போதும் அடைக்க. திடீரென்று இருமி மூச்சுத் திணறினால் உடனே நிறுத்திவிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாய் திறக்கும் பயிற்சியும் தோள் பயிற்சியும் வலிக்கிறது என்று விட்டுவிடுவார், நீங்கள் விடாதீர்கள்.