கேள்வி – பதில்: பத்திரத்தைப் படித்துக்காட்டக் கூடாதா?

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறிய பிரெக்சிட் பற்றிப் பேச்சு வந்தாலே, பிரிட்டனில் இரண்டாவது பொது வாக்கெடுப்பு நடந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். மக்கள் 2016இல் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டார்கள். தோற்றவர்களுக்குப் பிடித்த விடை வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்பதுதான் ஜனநாயகமா? தேர்தலில் தோற்றவர் மறுதேர்தல் கேட்டால் ஒப்புக்கொள்வீர்களா?
— கும்பகோணம் வாசகர் ஒருவர்

பதில்: மறு வாக்கெடுப்பு தோற்றவர்களின் கோரிக்கை என்கிறீர்கள். அதை முதலில் எழுப்பியவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் மறு வாக்கெடுப்பு கோரிய ஒரு மனுவில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். வாக்குப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்து, எந்தத் தரப்பும் 60 விழுக்காட்டை எட்டாவிட்டால் மீண்டும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது அம்மனுவின் சாரம். அதைத் தொடங்கியவர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற தரப்பைச் சேர்ந்தவர். தம் தரப்பு தோற்றுவிடும் என்ற எண்ணத்தில், வாக்கெடுப்புக்கு முந்தைய மாதமே அதைப் பதிவு செய்திருந்தார். வெளியேறும் இயக்கத்தின் முகமாகவே இருந்த நைஜல் ஃபராஜும் அதே மே மாதத்தில், முடிவு 52–48 என்று வந்தால் விவகாரம் அத்துடன் தீர்ந்துவிடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2016 ஜூன் 23 அன்று முடிவு ஏறக்குறைய அதே கணக்கில்தான் வந்தது. ஆனால் 51.9 விழுக்காடு அவர் பக்கம் விழுந்தது. அன்று முதல் மறு வாக்கெடுப்பு என்பது மக்கள் தீர்ப்பை அவமதிப்பதாகிவிட்டது. தனக்கொரு நியாயம், பிறருக்கொரு நியாயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனாலும் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றக் கூடாது. ஸ்காட்லாந்துக்குத் தனிப் பேரவை வேண்டுமா என்று 1979இல் கேட்டபோது, மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினராவது ஆதரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சட்டத்தில் எழுதினார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் ஆதரித்தும் அந்த வரம்பை எட்டாததால் திட்டம் விழுந்தது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது முன்பே தெரிந்த விதி. 2015ஆம் ஆண்டின் வாக்கெடுப்புச் சட்டத்தில் அப்படி எந்த வரம்பும் இல்லை. ஆகவே 1 கோடியே 74 இலட்சம் பேரின் வாக்கு 1 கோடியே 61 இலட்சம் பேரின் வாக்கை வென்றது என்பதில் மறுபேச்சுக்கு இடமில்லை. வெளியேற வாக்களித்த முதியவர்கள் காலப்போக்கில் இறந்துவிடுவார்கள், அதனால் கணக்கு மாறும் என்று சில மேதாவிகள் வாதிட்டார்களே, அதைக் கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

நான் ஆதரித்த வாக்கெடுப்பு வேறு வகையானது. 2016இல் வாக்குச்சீட்டில் இரண்டே கட்டங்கள் இருந்தன: ஒன்றியத்தில் நீடிப்பது, ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது. நீடிப்பது என்றால் என்ன என்பது நாற்பது ஆண்டு அனுபவத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியேறிய பின் நார்வேயைப் போல, சரக்கும் ஆளும் தடையின்றிச் சென்றுவரும் ஒற்றைச் சந்தைக்குள் இருப்பதா, ஒரே சுங்கவரி முறையைப் பின்பற்றும் சுங்க ஒன்றியத்தில் மட்டும் தொடர்வதா, கனடாவைப் போல ஒரு வணிக ஒப்பந்தத்தோடு நிற்பதா, ஒப்பந்தமே இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வருவதா என்பது எங்கும் எழுதப்படவில்லை. இந்த நான்கையும் ஆதரித்தவர்கள் ஒரே கட்டத்தில் குறியிட்டார்கள். பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் நீடிக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான எல்லையில் சோதனைச் சாவடி மீண்டும் முளைக்குமா என்ற கேள்வி இங்கிலாந்தின் பிரசார மேடைகளில் பெரிதாக எழவேயில்லை. வாக்கெடுப்புக்குப் பின் பிரதமரான தெரசா மேயின் அரசை அலைக்கழித்தது அந்த ஒரு கேள்விதான். 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேசி முடித்த விலகல் ஒப்பந்தம் 585 பக்கம் வந்தது. வீட்டை விற்கச் சம்மதம் என்று தலையாட்டியவரிடம், விலையும் நிபந்தனையும் எழுதிய கிரயப் பத்திரத்தைப் படித்துக்காட்டிக் கையெழுத்துக் கேட்டால், அவருடைய சம்மதத்தை அவமதித்ததாகுமா?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. பிற்காலத்தில் பிரெக்சிட்டின் தீவிரக் காவலராக விளங்கிய ஜேக்கப் ரீஸ்-மாக், இரண்டு வாக்கெடுப்புகள் நடத்தலாம், இரண்டாவதைப் பேச்சுவார்த்தை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று 2011 அக்டோபரில் நாடாளுமன்றத்திலேயே பேசினார். மேயின் அரசில் முதல் பிரெக்சிட் அமைச்சராக இருந்த டேவிட் டேவிஸ், மனத்தை மாற்றிக்கொள்ள முடியாத ஜனநாயகம் ஜனநாயகமே அல்ல என்று 2012இல் முழங்கினார். 1975இல் மூன்றில் இரண்டு பங்கு மக்கள், ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் நீடிக்கலாம் என்று வாக்களித்திருந்தார்கள். ஒருமுறை சொன்னது என்றென்றைக்கும் செல்லும் என்றால் 2016 வாக்கெடுப்பே நடந்திருக்கக் கூடாது.

தேர்தலோடு ஒப்பிட்டுக் கேட்கிறீர்கள். தேர்தலில் தோற்றவர் மறுதேர்தல் கேட்க வேண்டியதில்லை, ஐந்தாண்டுக்குள் அது தானாகவே வரும். பொது வாக்கெடுப்புக்கு அந்தக் காலக்கெடு கிடையாது. அயர்லாந்தும் டென்மார்க்கும் 'வேண்டாம்' என்ற பிறகு மீண்டும் கேட்கப்பட்டார்கள் என்று நீங்கள் சுட்டிக்காட்டக்கூடும். டென்மார்க் மக்கள் 1992இல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை மிகச் சிறிய வித்தியாசத்தில் நிராகரித்தபோது, பொது நாணயம், பாதுகாப்பு உள்ளிட்ட நான்கு துறைகளில் விலக்குப் பெற்ற பிறகே 1993இல் மறுபடி கேட்டார்கள். ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008இல் மறுத்த அயர்லாந்துக்கும் வரிவிதிப்பு, இராணுவ நடுநிலை, கருக்கலைப்புச் சட்டம் ஆகியவை பற்றிய உறுதிமொழிகள் கிடைத்தன. 2009இல் 67 விழுக்காட்டினர் ஏற்றார்கள். இரண்டு நாடுகளிலும் மக்கள் முன் இரண்டாம் முறை வைக்கப்பட்டது மாறிய ஏற்பாடு.

'மக்கள்' என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறோமே, அந்த வாக்காளர் பட்டியலையும் கொஞ்சம் பாருங்கள். பிரிட்டனில் வசித்த காமன்வெல்த் குடிமக்களுக்கு வாக்குரிமை இருந்தது. அதனால் இலண்டனில் குடியிருந்த இந்தியக் குடிமகனும் இலங்கைக் குடிமகனும் பதிவு செய்துகொண்டு வாக்களிக்க முடிந்தது. இருபது ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்து வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கும் போலந்துக்காரருக்கும் அந்த உரிமை இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடிமக்களுக்கும் இல்லை. இதை வைத்து முடிவு செல்லாது என்று நான் வாதிடவில்லை. புனிதமான மக்கள் தீர்ப்பு என்பதும் யாரோ வரைந்த சட்டத்தின் எல்லைக்குள் பிறந்ததுதான் என்று நினைவூட்டுகிறேன், அவ்வளவே.

அப்படியானால் இரண்டாம் வாக்கெடுப்பு ஏன் நடக்கவில்லை? சட்டம் தடுக்கவில்லை. விலகல் அறிவிப்பை பிரிட்டன் தானாகவே திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்துக் கதவைத் திறந்துவைத்திருந்தது. மேயின் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 432–202 என்று மண்ணைக் கவ்வியது. வழி தெரியாமல் திண்டாடிய மக்களவை, ஏப்ரல் 1ஆம் தேதி இரவு நான்கு மாற்றுத் தீர்மானங்களின்மேல் வாக்களித்தது. எந்த ஒப்பந்தமானாலும் அதை மக்களிடம் வைத்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 280 ஆதரவு, 292 எதிர்ப்பு. ஏழு உறுப்பினர்கள் பக்கம் மாறியிருந்தால் அது நிறைவேறியிருக்கும். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியிலேயே இருபதுக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தார்கள். சுங்க ஒன்றியத்தில் தொடரலாம் என்ற தீர்மானம் மூன்றே வாக்கில், 273–276 என்று தோற்றது. இரண்டாம் வாக்கெடுப்பைக் கோரியவர்களில் ஒரு பகுதியினர் அதற்குக் கை கொடுக்க மறுத்தார்கள். முழு வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக நம்பியவர்கள் பாதி வெற்றியைத் தள்ளிவிட்டார்கள்.

தெருவில் அவர்களுக்குக் கூட்டம் இருந்தது, கையெழுத்தும் குவிந்தது. வாக்குச்சீட்டில் என்ன அச்சிடப்படும் என்பதற்குத்தான் இறுதிவரை ஒரே பதில் கிடைக்கவில்லை. மேயின் ஒப்பந்தமா நீடிப்பதா என்று கேட்டால், ஒப்பந்தமே வேண்டாம் என்ற தரப்பு புறக்கணிக்கும். மூன்றையும் வைத்தால் எதற்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போகலாம். 2019 டிசம்பர் தேர்தலில் தொழிற்கட்சி, மூன்று மாதத்தில் புதிய ஒப்பந்தம், ஆறு மாதத்தில் வாக்கெடுப்பு, அதில் தலைவர் நடுநிலை வகிப்பார் என்று சொல்லி வாக்குக் கேட்டது. தாம் பேசி முடிக்கப்போகும் ஒப்பந்தத்தைத் தாமே ஆதரிப்போம் என்று சொல்லத் துணியாத தலைவரை நம்பி யார் வாக்களிப்பார்கள்? மேயை அடுத்துப் பிரதமரான போரிஸ் ஜான்சன் 365 இடங்களுடன் வென்றார். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. அத்துடன் அந்த வாக்கெடுப்புக்கான காலமும் முடிந்தது. அதை மறுத்து நான் எழுதியதில்லை.

இப்போது கருத்துக்கணிப்புகளில் வெளியேறியது தவறு என்போரே மிகுதி. அதைப் பிடித்துக்கொண்டு, மீண்டும் சேரலாமா என்று நாளையே கேளுங்கள் என்கிறவர்களையும் நான் ஆதரிக்க மாட்டேன். யூரோ நாணயத்தை ஏற்க வேண்டி வருமா, ஒன்றியத்துக்குச் செலுத்தும் பங்களிப்பில் 1984இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் வாதாடி வாங்கிய தள்ளுபடி திரும்பக் கிடைக்குமா என்பதெல்லாம் பேசி முடிவாகாமல் அந்தக் கேள்வியை வைத்தால், அது 2016இல் செய்த அதே காரியமாகத்தான் இருக்கும். முதலில் நிபந்தனைகள் தெரியட்டும் என்று அன்றைக்கு உரக்கக் கேட்கப்போகிறவர்கள் வெளியேறும் அணியினராகவே இருப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்தே கேட்பேன்.