சோலார் ஹீட்டர் டேங்க் ஒழுகுகிறது: வெல்டிங்கா, புதுசா?

கேள்வி: கோவையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 11 வருடம் முன் வாங்கிய 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரில் (கண்ணாடி டியூப் மாடல்) தண்ணீர் சொட்டுகிறது. டேங்கைப் பிரித்து வெல்டிங் வைக்க மெக்கானிக் 7,500 ரூபாய் கேட்கிறார். புதிய 200 லிட்டர் 42,000, 100 லிட்டர் 24,000 என்கிறது கடை. போன வருடம்தான் டியூபுக்கு 4,800 செலவு செய்தேன். அதை வீணாக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் வெளியூரில், நான், என் கணவர், 84 வயது மாமியார் மூவர் மட்டுமே இருக்கிறோம். மாமியாருக்கு வெந்நீர் இல்லாமல் ஆகாது. இரண்டு மாதக் கரண்ட் பில்லில் 380 யூனிட் வருகிறது. வீட்டில் போர் தண்ணீர். சிறுவாணித் தண்ணீரும் வரும். 5 லட்சம் எஃப்டி இருக்கிறது. அதை உடைப்பதா, வட்டியில்லா இஎம்ஐ எடுப்பதா?

பதில்: பணத்தைப் பற்றிப் பேசும் முன், எங்கே ஒழுகுகிறது என்று ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். முழுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. வெயில் ஏறும் முன் கணவரையோ பிளம்பரையோ மாடிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். டியூப் டேங்குக்குள் நுழையும் இடத்தில் ஈரம் என்றால் ரப்பர் வளையம் கெட்டிப்பட்டிருக்கிறது. சில நூறு ரூபாய் வேலை. மேலே நிற்கும் காற்றுக் குழாயிலிருந்து எப்போதாவது தெறித்தால் அது பழுதே இல்லை. ஆனால் டேங்கின் வெளித்தகட்டின் அடிப்பக்கத்தில், டியூபுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் சொட்டினால் உள் டேங்க் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். உங்கள் மெக்கானிக் வெல்டிங் என்று சொல்வதால் இதுதான் இருக்கும் என்று வைத்துப் பதில் சொல்கிறேன்.

வெல்டிங் வேண்டாம்.

உப்புத்தண்ணீர் ஸ்டீலை முதலில் அரிப்பது வெல்டிங் ஓரங்களில்தான். 11 வருடம் போர் தண்ணீர் நின்ற டேங்கில் ஒரு இடம் ஓட்டை விழுந்தால் மற்ற ஓரங்களும் மெலிந்திருக்கும். ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும். சுற்றியுள்ள ஃபோமும் நனைந்துவிட்டதால் இரவில் சூடு நிற்காது.

இதை ரூபாயில் பாருங்கள். 24,000 ரூபாய் ஹீட்டர் பத்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 2,400. அந்தக் கணக்குக்கு ஈடாக வேண்டுமானால் 7,500 ரூபாய் வெல்டிங் குறைந்தது மூன்று வருடம் தாங்க வேண்டும். மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "மூன்று வருட கேரண்டி எழுதித் தருவீர்களா?" தருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறு மாதம் என்று வாயால் சொல்வார். ரிப்பேர் செலவு புதுசை விடக் குறைவா என்று மட்டும் பார்த்தால் ரிப்பேர்தான் எப்போதும் ஜெயிக்கும். அந்தப் பணம் எத்தனை வருடத்தை வாங்கித் தருகிறது என்று பார்க்க வேண்டும்.

போன வருட 4,800 போனதுதான். வெல்டிங் வைத்தாலும் திரும்பாது, வைக்காவிட்டாலும் திரும்பாது. எனவே இந்த முடிவில் அதைச் சேர்க்காதீர்கள். ஆனால் டியூப்கள் உங்களிடம் இருக்கின்றன. இவை 47 மில்லிமீட்டர், 58 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் வருகின்றன. புதியதிலும் அதே விட்டமும் நீளமும் என்றால் நல்ல டியூப்களைக் கழற்றி ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, 200 லிட்டரை மறந்துவிடுங்கள். அது பிள்ளைகள் இருந்த வீட்டுக்கு வாங்கியது. மூன்று பேர், மாமியாருக்குக் கூடுதலாக ஒரு வாளி என்றாலும் ஒரு நாளைக்கு 80 லிட்டர் வெந்நீர் போதும். 100 லிட்டர் தாராளம். பொங்கலுக்குப் பேரன் பேத்திகள் வரும் நான்கு நாளைக்காக 18,000 ரூபாய் கூடுதலாகப் போட வேண்டியதில்லை.

சரி, 8,000 ரூபாய்க்கு ஒரு கீசர் போட்டால் என்ன? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. 80 லிட்டரை 16 டிகிரி சூடாக்க ஒன்றரை யூனிட் ஆகும். கீசரில் ஆறிப்போகும் சூட்டையும் சேர்த்து இரண்டு யூனிட் என்று வைப்போம். இரண்டு மாதத்துக்கு 120. உங்கள் 380-உடன் சேர்த்தால் சரியாக 500! தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதற்கு மேல் உள்ள யூனிட் 8 ரூபாய்க்கு மேல் போவதோடு, கீழ் ஸ்லாப்பின் சலுகையும் கைநழுவும். தாண்டாமல் இருந்தாலே கீசருக்கு பில்லுக்கு 700 ரூபாய் போல ஆகும், வருடத்துக்கு 4,200. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சோலார் இருந்தாலும் கரண்டில் சூடாக்க வேண்டியிருக்கும் என்பதால் மிச்சம் 3,500 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கீசரை விட சோலாருக்குக் கூடுதலாகப் போடும் 16,000 நாலரை வருடத்தில் திரும்பிவிடும். உங்கள் வீட்டுக்கு சோலார்தான் சரி.

பணம் எங்கிருந்து? எஃப்டியைத் தொடாதீர்கள். 24,000 ரூபாய்க்காக 5 லட்சம் டெபாசிட்டை முன்கூட்டி முடித்தால், முழுத் தொகைக்கும் வட்டியில் வெட்டு விழும். வட்டியில்லா இஎம்ஐ என்பதிலும் பிராசஸிங் ஃபீஸ், வட்டி மேல் ஜிஎஸ்டி என்று வரும். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். பென்ஷனிலிருந்து மாதம் 8,000 ஒதுக்க முடிந்தால் மூன்று மாதத்தில் கைக்காசிலேயே வாங்கலாம். வெறும் சொட்டு சொட்டாக மட்டும் ஒழுகுகிற வரையில் பழையதே ஓடட்டும். இரவில் சூடு நிற்காது என்பதால் மாமியார் குளியலை மதியத்துக்கோ சாயங்காலத்துக்கோ மாற்றுங்கள். ஒழுகல் திடீரென்று கூடினால் காத்திருக்க வேண்டாம், சேமிப்புக் கணக்கில் இருப்பதை எடுத்து வாங்கிவிடுங்கள். அந்த வயதில் குளிர்ந்த நீரில் குளிக்க வைத்து மிச்சப்படுத்தும் பணம் நமக்குத் தேவையில்லை.

கொட்டேஷனில் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் வாட்டர் ஹீட்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய டேங்க், ஸ்டாண்டுக்கு எக்ஸ்சேஞ்ச் விலையும் கேளுங்கள். ஸ்டீலுக்கு இரும்புக் கடையிலேயே காசு உண்டு.

கடைசியாக, மிக முக்கியமாக: உள் டேங்க் வாரண்டி உப்புத்தண்ணீருக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். கடின நீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று வாரண்டி அட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கலாம். டேங்குக்குள் மெக்னீசியம் ராடு உண்டா, அதை மாற்ற எவ்வளவு என்றும் கேளுங்கள். ஸ்டீலுக்குப் பதில் அதுதான் அரிபடும். முடிந்தால் மாடியில் ஹீட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன சின்டெக்ஸ் டேங்க் வைத்து சிறுவாணித் தண்ணீரை மட்டும் கொடுங்கள். ஒரு நாளைக்கு 80 லிட்டர்தானே, அதற்கு அந்தத் தண்ணீர் போதும்.