குதித்துக் காட்டாத நேரம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் கென்யா போயிருந்தோம். மசாய் மாராவில் சிங்கம் பார்த்த கையோடு ஓட்டுநர், மாடு மேய்க்கும் மசாய் மக்களின் கிராமம் ஒன்றுக்கும் கூட்டிப்போனார். நுழையும்போதே காசு. சிவப்புப் போர்வை போர்த்திய இளைஞர்கள் எகிறிக் குதித்தார்கள், குச்சியைக் கடைந்து தீ மூட்டினார்கள், கடைசியில் பாசிமணிக் கடையில் கொண்டு நிறுத்தினார்கள். ஒருவர் இடுப்பில் செல்போனைப் பார்த்ததும் எல்லாமே நாடகம் என்று தோன்றிவிட்டது. அசல் மசாய் வாழ்க்கையை எங்கே போய்ப் பார்ப்பது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

செல்போன் இருந்தால் என்ன? 2007-இல் போன் வழியே பணம் அனுப்பும் எம்பெசா வந்த பிறகு கென்யாவில் மாட்டுக்காரருக்கும் காசு போனில்தான் வந்து சேர்கிறது.

குதித்துக் காட்டுவது நாடகம்தான். பக்கத்து நாடான தான்சானியாவில், ங்கொரொங்கொரோ பக்கம் நானும் காசு கொடுத்துப் பார்த்தவன். கூட வந்தவர்கள் பாசிமணிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாவின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். குனிந்து, ஒரு வளைவு திரும்பித்தான் உள்ளே போக முடியும். ஒரே இருட்டு, புகை. கண் பழகிய அப்புறம்தான் தெரிந்தது, என் முழங்காலை ஒட்டி ஒரு கன்றுக்குட்டி. குச்சி நட்டு, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிய சுவர். வீடு கட்டுவது அங்கே பெண்கள் வேலை. மழையில் ஒழுகினால் மேலே ஏறிச் சாணி பூசுவதும் அவர்கள்தான். அந்த அம்மா பால் குடுவையைக் காட்டினார். சுரைக்குடுவை. காட்டு ஒலிவக் குச்சியைக் கொளுத்தி, கங்கு முனையை உள்ளே விட்டுத் தேய்க்கிறார்கள். தண்ணீர் அரிதான இடத்தில் அதுதான் கழுவல். பாலும் சீக்கிரம் கெடாது. ஒரு மடக்கு குடித்தேன். அடுப்படி வாசனை. வயிறு ஒன்றும் செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியே குழந்தைகள் தலையைக் குனிந்து நின்றன. வெட்கம் என்று நினைத்துக் கடந்து போனேன். பெரியவர் உச்சந்தலையைத் தொடுவதுதான் அங்கே வணக்கமாம்! திரும்பி வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டேன்.

காசு வாங்குவது எனக்கு உறுத்தவில்லை. 1904, 1911 ஒப்பந்தங்களைக் காட்டி பிரிட்டிஷார் அவர்களுடைய நல்ல மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கித் தெற்கே தள்ளினார்கள். 1959-இல் இன்றைய தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளியிலிருந்தும் வெளியேற்றினார்கள். நீங்கள் சிங்கம் பார்த்த புல்வெளியும் அவர்கள் மாடு மேய்ந்த இடம்தான். ஒன்று மட்டும், காசை ஓட்டுநரிடம் கொடுக்காமல் ஊர்ப் பெரியவர் கையில் கொடுங்கள்.

இன்னொரு முறை போனால், சாயங்காலம் மாடு திரும்பும் நேரத்துக்குப் போங்கள். முள்வேலிக்குள் மாடுகளை அடைத்து, கன்றை அவிழ்த்துவிட்டு, பெண்கள் பால் கறக்க உட்கார்ந்துவிடுவார்கள். உங்களுக்காகக் குதித்துக் காட்ட யாருக்கும் நேரம் இருக்காது.